இருபத்தைந்து மீற்றர்

ஹற்றன் நகரசபை நீச்சல் தடாகத்தில்
தொப்பி இல்லாமல் இறங்க முடியாது.
குசுமாவதி கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து
செம்மஞ்சள் ரப்பர் ஒன்றை நீட்டுகிறாள்.
வாடகை ஐம்பது ரூபா.
உள்ளே யாருடையதோ நீளமான ஒரு முடி.
உதறிவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்.

வேலைக்குப் போகிற ஊரிலெல்லாம்
முதலில் தடாகத்தைத்தான் விசாரிப்பேன்,
பிறகுதான் சோற்றுக்கடை.
நாற்பது நீளம், ஆயிரம் மீற்றர்.
முப்பது வயதில் டொக்டர் சொன்னது.
ஐம்பத்தொன்றில் அது என் பிடிவாதம்.

காலை ஆறு பத்து.
தண்ணீரின் மேல் பனி
எழும்பவா வேண்டாமா என்று கிடக்கிறது.
எதிர்ச்சுவர் தெரியவில்லை.
கல்லடிக் கடலுக்குப் பழகிய நெஞ்சு
நாலாவது நீளத்திலேயே கடன் கேட்கிறது.
இந்த உயரத்தில் காற்றையும்
நிறுத்துத்தான் தருவார்கள் போல.

ஆனால் கை வேறொன்று சொல்கிறது.
இருபத்தைந்து மீற்றருக்கு எனக்கு இருபது வீச்சு.
மட்டக்களப்பில் இருபது. கொழும்பில் இருபது.
குருநாகலில் வெந்நீராய்க் கிடந்த தடாகத்திலும்
சலித்துச் சலித்து இருபது.
இங்கே பத்தொன்பதாவதில்
விரல் சுவரில் இடிக்கிறது.

இளமை திரும்புகிறதென்று
இரண்டு நீளம் மகிழ்ந்திருந்தேன்.
பிறகு தொழில் விழித்துக்கொண்டது.
நான் நிறுவை அளவைப் பரிசோதகன்.
பைக்குள், துவாய்க்கும் கீழே,
உருக்கு நாடா எப்போதும் இருக்கும்.
ஈரக் காற்சட்டையோடு
கரையோரம் முழந்தாளில் ஊர்ந்து அளந்தேன்.

இருபத்து மூன்றரை.

சுவரில் நீலப் பெயின்ற்றில்
மூன்று மொழியிலும் இருபத்தைந்து.

அடுத்த தடத்துக் கயிற்றில் தாடையை வைத்து
பார்த்துக்கொண்டிருந்தாள் பிரியவதனி.
மாகாணப் போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்.
"குட்டைதானே சேர்?"
"தெரியுமா?"
"போன வருஷம் கண்டியில தோத்தப்பதான் தெரிஞ்சிச்சு.
செவுரு வரவே இல்ல.
இப்ப பதினாறுக்குப் பதினேழு போடுறோம்."
மூக்கைச் சிந்திவிட்டு மூழ்கிப்போனாள்.
முறைப்பாடாகச் சொல்லவில்லை.
பஸ் இன்றைக்கும் பிந்தும் என்பதுபோல.

குசுமாவதியிடம் நாடாவைக் காட்டினேன்.
"அதுக்கென்ன மாத்தயா,
டிக்கட் எல்லாருக்கும் ஒரே விலைதானே."

ஒன்பது மணிக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டில்.
என் படிக்கல் இருபது கிலோ.
முள் பதினெட்டே முக்காலுக்குப் போய்
நல்ல பிள்ளைபோல் ஆடாமல் நின்றது.
கண்ணுக்கு முன்னமே
தோளுக்குத் தெரிந்துவிட்டது அந்தக் கணக்கு.
"ஈரக் காலநிலை சேர்,
ஸ்பிரிங் இழுத்துக்கும்" என்றார் கணக்கப்பிள்ளை.
வரிசையில் முதலில் நின்ற பெண்
சாக்கை இன்னும் இறக்கவில்லை.
என்னைத் தாண்டி முள்ளைப் பார்த்தாள்,
பிறகு முள்ளைத் தாண்டி என்னை.
சிவப்பு முத்திரை குத்தினேன்.
நாளைக்கு வேறு தராசு வரும் என்றார்கள்.
இதுவரை போன கிலோக்கள் எங்கே என்று
என் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதப் பார்த்தேன், பேனை ஊறிவிட்டது.

மாலையில் மறுபடி அதே தொப்பி.
பிளேன்டீ இன்னும் தொண்டையில் சுட்டது.
நாற்பது எண்ணி ஏறிவிடலாம்,
யார் கேட்கப் போகிறார்கள்?
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
நாற்பதில் கை தானாகக் கரையைப் பிடித்தது.
விடுவித்துக்கொண்டு திரும்பினேன்.

நாற்பத்திரண்டாவது சுவரைத் தொட்டு,
பாதியையும் அதற்குமேல் ஒரு வீச்சையும் கடந்தபோது
என் ஆயிரம் முடிந்தது.

அங்கே சுவர் இல்லை.
தொட ஒன்றுமில்லை.
முன்னால் பனி, பின்னால் பனி.
காலால் தண்ணீரை மிதித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பக்கத்துத் தடத்தில்
பதினேழாவதற்கு
யாரோ திரும்பும் சத்தம்.